மூளையின் நீர்மதகுகள்

நமது தேகத்தின் பெரும்பகுதி நீரே என்பது யாவரும் அறிந்ததொன்றாகும். ஆயினும், நீர் மிகுந்த உறுப்புகளுள் மூளையும் ஒன்று என்பதை நம்மிற் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை. வளர்ந்த மனிதன் ஒருவனது மூளை ஏறக்குறைய 1400 கிராம் நிறையுடையது. அந்நிறையில் நாலில் மூன்று பங்குக்கு மேற்பட்டது நீராகும். இத்தகைய உறுப்பு, எலும்பினாலான மண்டையோட்டினுள் நாற்புறமும் அடைபட்டுக் கிடக்கின்றது. கையோ காலோ வீங்கினால் தோல் விரிந்து இடங்கொடுக்கும். மண்டையோடு சற்றேனும் இடங்கொடாது. உள்ளே நீர் மிகுமானால் அழுத்தம் பெருகும். அழுத்தம் பெருகினால் குருதியோட்டம் தடைப்படும். மூச்சை நடத்தும் பகுதியும் நசுங்கும். ஸ்கொத்லாந்து தேசத்து வைத்தியர்களான அலெக்சாந்தர் மன்றோ 1783 ஆம் ஆண்டிலும், ஜோர்ஜ் கெல்லி 1824 ஆம் ஆண்டிலும் இவ்வுண்மையை எடுத்துக் காட்டினர்.

ஆகவே, மூளைக்குள் நீர் எவ்வழியாய் வருகின்றது, எவ்வழியாய்ப் போகின்றது என்னும் கேள்வி உயிரோடு ஒட்டிய கேள்வியாகும். இதற்கான விடையின் முக்கியமான பகுதி 1990ஆம் ஆண்டுக்குப் பின்னரே கிடைத்தது. அவ்விடை, ஒரு நூற்றாண்டுக்கு மேலாகப் பிழையாக விளங்கிக்கொள்ளப்பட்ட ஒரு கொடிய வியாதியின் உண்மையையும் வெளிப்படுத்தியது. அந்த வரலாற்றையே இங்கு கூற விரும்புகின்றோம்.

சுவரினூடே நீர் புகுவது எங்ஙனம்?

நமது உடல் எண்ணற்ற கலங்களாலானது. ஒவ்வொரு கலத்தையும் சுற்றி மென்சவ்வு ஒன்று உண்டு. அம்மென்சவ்வின் அடிப்படை கொழுப்புப் பொருளாகும். எண்ணெயும் நீரும் ஒன்றோடொன்று கலவா என்பதைச் சமையலறையில் நாள்தோறும் காண்கின்றோம். அங்ஙனமாயின், கொழுப்பாலான சுவரைக் கடந்து நீர் எவ்வாறு உட்புகுகின்றது? அது மெல்ல மெல்லக் கசிந்து செல்கின்றது என்றே நெடுங்காலம் பலர் கருதி வந்தனர்.

ஆனால் சில கலங்களில் நீர் செல்லும் வேகம் வெறுங் கசிவினால் விளங்கக்கூடியதாக இல்லை. நமது சிறுநீரகங்கள் நாளொன்றுக்கு ஏறக்குறைய 180 லீற்றர் திரவத்தை வடிகட்டுகின்றன. நாம் வெளியேற்றுவதோ ஒன்றரை லீற்றர் அளவே. எஞ்சிய அனைத்தும் மீண்டும் குருதியை அடைகின்றது. குளக்கட்டிற் கசியும் நீரைக் கொண்டு வயல் முழுவதற்கும் பாய்ச்ச முடியுமா? எங்கோ ஒரு மதகு இருந்தே தீர வேண்டும்.

1970 ஆம் ஆண்டளவில் மற்றுமொரு தடயம் கிடைத்தது. பாதரச உப்பைச் சேர்த்தவிடத்துச் செங்குருதிக் கலத்தினுள் நீர் செல்லும் வேகம் பெரிதும் குன்றியது. பாதரசம் புரதங்களோடு சென்று ஒட்டும் இயல்புடையது. எனவே அந்த மதகு புரதத்தாலானதாக இருக்கவேண்டும் என்று விஞ்ஞானிகள் ஊகித்தனர். ஆயினும் அப்புரதம் இன்னதென்று உறுதியாகக் காட்டுவது எளிதாய் இருக்கவில்லை.

தேடாமற் கிடைத்த பொருள்

அமெரிக்காவின் போல்ற்றிமோர் நகரிலுள்ள ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் சர்வகலாசாலையில் பீற்றர் ஆக்ரி என்னும் வைத்திய விஞ்ஞானி குருதியை ஆராய்ந்து கொண்டிருந்தார். அவர் தேடியது நீர்மதகையன்று. குருதி வகையை நிர்ணயிக்கும் றீசசு என்னும் புரதத்தையே. அப்புரதத்தைப் பிரித்தெடுக்கும்போதெல்லாம் வேறொரு சிறு புரதமும் கூடவே வந்தது. முதலில் அது வேண்டாத அழுக்கென்றே தோன்றியது. ஆராய்ந்து பார்த்தபோது, ஒவ்வொரு செங்குருதிக் கலத்திலும் அப்புரதம் ஏறக்குறைய இரண்டு இலட்சம் பிரதிகளாய் நிறைந்திருந்தது, சிறுநீரகத்திலும் மிகுந்திருந்தது. 1988 ஆம் ஆண்டில் அதனைப் பற்றி அவர் எழுதினார். அதன் தொழில் என்னவென்று அப்போது அவருக்கு விளங்கவில்லை. நண்பரான ஜோன் பார்க்கர் என்னும் வைத்தியரே, நெடுநாளாய்த் தேடப்படும் நீர்வழி இதுவாக இருக்கலாமே என்று அவருக்கு எடுத்துக் கூறினார்.

அதன்பின் ஆக்ரியும் அவருடன் உழைத்த கிரெகரி பிறெஸ்ரன் முதலியோரும் ஓர் எளிய பரிசோதனையைச் செய்தனர். ஆபிரிக்கத் தவளையொன்றின் முட்டைகள் இயல்பாகவே நீர் எளிதிற் புகாதவை. அவற்றுட் சிலவற்றை இப்புரதத்தை உற்பத்தி செய்யுமாறு செய்து, எல்லாவற்றையும் உப்புக் குறைந்த நீரில் இட்டனர். சாதாரண முட்டைகள் மாற்றமின்றிக் கிடந்தன. புரதம் பெற்ற முட்டைகளோ சில நிமிடங்களிற் பருத்து வெடித்துப் போயின. மதகு அகப்பட்டுவிட்டது! 1992 ஆம் ஆண்டில் வெளியான இந்த முடிவுக்காக, 2003 ஆம் ஆண்டின் இரசாயன நொபெல் பரிசு ஆக்ரிக்கும், பொட்டாசியம் செல்லும் வழிகளை ஆராய்ந்த றொட்றிக் மக்கினனுக்கும் பகிர்ந்தளிக்கப்பட்டது. ருமேனியா நாட்டின் குளூஜ் நகரிற் கியோர்கே பெங்காவும் அவருடைய துணைவர்களும் செங்குருதிக் கலத்து நீர்வழிப் புரதங்களைப் பற்றி 1986 ஆம் ஆண்டிலேயே அறிவித்திருந்தனர் என்பதையும் நாம் மறத்தல் ஆகாது.

இப்புரதங்களுக்கு அக்குவாப்போரின் என்று பெயரிட்டனர். நீர்த்துளை என்பது அதன் பொருள். மனித உடலில் இவ்வினத்தைச் சேர்ந்த 13 புரதங்கள் உள்ளன. கண்ணின் வில்லையிலும், சிறுநீரகத்திலும், உமிழ்நீர்ச் சுரப்பியிலும், வேறு பல இடங்களிலும் அவை தத்தம் தொழிலைச் செய்கின்றன.

மதகின் அமைப்பு

இந்த மதகின் நடுவே மணற்கடிகாரம் போன்று இடை சிறுத்த ஒரு துளை உண்டு. மிக ஒடுங்கிய இடத்தில் அதன் அகலம் ஒரு நீர் மூலக்கூறு செல்லப் போதுமான அளவே. ஆகவே நீர் மூலக்கூறுகள் ஒன்றன்பின் ஒன்றாக வரிசையிற் செல்கின்றன. ஒடுங்கிய வழியாயினும் வேகத்துக்குக் குறைவில்லை. ஒரு செக்கனுக்கு ஒரு துளையினூடே செல்லும் நீர் மூலக்கூறுகள் ஏறக்குறைய 300 கோடி என்று கணக்கிட்டிருக்கின்றனர். நீரை இவ்வளவு தாராளமாய் விடும் இத்துளை, அமிலத் தன்மைக்குக் காரணமான ஐதரசன் அயன்களைச் செல்லவிடாது. அவற்றையும் விட்டுவிடுமாயின் கலம் தன் சமநிலையை இழந்து கெடும்.

இன்னொன்றையும் வாசகர்கள் மனத்திற் கொள்ள வேண்டும். இம்மதகு நீரை இறைக்கும் இயந்திரமன்று. எந்தப் பக்கத்தில் உப்பும் பிற கரைபொருள்களும் செறிந்துள்ளனவோ அந்தப் பக்கத்தை நோக்கியே நீர் ஓடும். மதகு வழிவிடும், திசையைத் தீர்மானிப்பதில்லை. மூளையின் நலமும் கேடும் இந்த ஓர் இயல்பிலேயே தங்கியுள்ளன.

மூளையில் உள்ள நான்காவது மதகு

மூளையில் முதன்மையாய் விளங்குவது அக்குவாப்போரின் நான்கு என்னும் புரதம். 1994 ஆம் ஆண்டில் அமெரிக்காவின் இரு ஆராய்ச்சிக் குழுவினர் இதனைக் கண்டனர். ஏனைய மதகுகள் பலவற்றை அடைத்த பாதரசம் இதனை அடைக்கவில்லை.

நினைவும் உணர்வும் நரம்புக் கலங்களின் தொழில். அக்கலங்களுக்குத் துணையாக நட்சத்திர வடிவமான வேறு கலங்களும் மூளையில் உள்ளன. அஸ்ரோசைற் எனப்படும் இவை தம் கிளைகளை நீட்டி, மூளையின் குருதிக் குழாய்களைப் பாதங்கள் போன்ற முனைகளால் முற்றாக மூடியிருக்கின்றன. அக்குவாப்போரின் நான்கு அந்தப் பாதங்களிலேயே, குருதிக் குழாயை நோக்கிய பக்கத்தில், நெருங்கிச் செறிந்திருக்கின்றது. நோர்வே நாட்டின் ஒஸ்லோ நகரைச் சேர்ந்த ஒற்றர்சன், நாகல்ஹுஸ் முதலியோர் 1997 ஆம் ஆண்டில் இதனைத் தெளிவாகக் காட்டினர். அப்பாதங்களில் சதுரமாய் அடுக்கப்பட்ட நுண்மணிகளை இலத்திரன் நுணுக்குக்காட்டி வாயிலாக விஞ்ஞானிகள் 1970களிலேயே கண்டிருந்தனர். அவை எவையென்று அன்று விளங்கவில்லை. அவையே இந்த மதகுகள் என்பது பின்னர்த் தெளிவாயிற்று. குருதிக்கும் மூளைக்கும் இடையிலுள்ள எல்லையில், காவலர் நிற்க வேண்டிய இடத்திலேயே அவை நிற்கின்றன.

ஒரே மதகு, இரு விளைவு

இனி, இம்மதகு நன்மை செய்வதா தீமை செய்வதா என்று பார்ப்போம். பாரிசவாதத்தில் மூளைக்குச் செல்லும் குருதிக் குழாய் அடைபடுகின்றது. பிராணவாயு கிட்டாத கலங்கள் உப்பை வெளியேற்றும் ஆற்றலை இழக்கின்றன. உள்ளே உப்புச் செறியவே, நீரும் அதனைத் தொடர்ந்து புகுகின்றது, கலங்கள் வீங்குகின்றன. கலிபோர்னியாவின் சான் பிரான்சிஸ்கோ நகரில் ஜெஃப்ரி மான்லி, அலன் வேர்க்மன் முதலியோர் அக்குவாப்போரின் நான்கு இல்லாத சுண்டெலிகளைக் கொண்டு இதனைச் சோதித்தனர். அவ்வெலிகளுக்குப் பாரிசவாதத்தை உண்டாக்கியபோது மூளை வீக்கம் ஏனைய எலிகளினும் குறைவாக இருந்தது. 2000 ஆம் ஆண்டில் வெளியான இம்முடிவைக் கண்டோர், மதகை அடைத்துவிட்டால் மூளை வீக்கத்தை வென்றுவிடலாம் என்று எண்ணினர்.

ஆனால் 2004 ஆம் ஆண்டில் அதே ஆராய்ச்சிக்கூடத்திலிருந்து மாறான செய்தி ஒன்று வந்தது. மூளையில் தோன்றும் வீக்கம் யாவும் ஒரே வகையினவல்ல. கட்டிகள் சிலவற்றிற் குருதிக் குழாயின் சுவர் பழுதுற்று, திரவம் கலங்களின் இடைவெளியில் ஒழுகித் தேங்குகின்றது. தேங்கிய நீர் வெளியேறுவதற்கும் இந்த மதகே வழி. மதகில்லாத எலிகளில் இத்தகைய வீக்கம் மேலும் கடுமையாயிற்று. மண்டைக்குள் அழுத்தம் கூடியது.

வெள்ளம் வெளியிலிருந்து வரும்போது மதகைத் திறந்து வைத்தால் ஊர் அழியும். ஊருக்குள்ளே வெள்ளம் நிற்கும்போது மதகை அடைத்தாலும் ஊர் அழியும். மூளையின் நிலையும் அதுவே. ஆகவே எந்த நோயாளிக்கு, எந்த நாளில், எந்தத் திசையில் நீர் ஓடுகின்றது என்பதை அறியாது மதகைத் தொடுதல் ஆபத்தாகும்.

மூளை வீக்கத்துக்கு வைத்தியர்கள் இன்று கையாளும் முறைகள் பெரும்பாலும் பழையனவே. மனிற்றோல் என்னும் மருந்தைக் குருதியிற் செலுத்தி நீரை வெளியே இழுப்பர். கடுமையான வேளையில் மண்டையோட்டின் ஒரு பகுதியை நீக்கி இடமளிப்பர். 2020 ஆம் ஆண்டில் பிரித்தானியாவையும் ஐரோப்பிய நாடுகள் சிலவற்றையும் சேர்ந்த ஆராய்ச்சியாளர் புதியதொரு வழியைக் காட்டினர். காயம்பட்டுப் பிராணவாயு குறையும்போது, கலத்தின் உள்ளே ஒதுங்கியிருந்த மதகுகள் பல அதன் மேற்பரப்புக்கு வந்து சேர்கின்றன. மனநோய்க்குப் பல்லாண்டுகளாய் வழங்கிவரும் திரைபுளோபெரசின் என்னும் மருந்து அவ்வாறு அவை மேலெழுவதைத் தடுத்தது. முண்ணாணிற் காயம்பட்ட எலிகளில் வீக்கமும் குறைந்தது. இது எலிகளிற் கண்ட முடிவேயாதலின், மனிதருக்குரிய சிகிச்சையாக இதனைக் கொள்ளுதல் கூடாது.

உறக்கமும் மதகும்

மூளை இடையறாது உழைக்கும் உறுப்பு. உழைப்பிற் கழிவு உண்டாதல் இயற்கை. அக்கழிவை வெளியேற்றும் வழியிலும் இம்மதகுகளுக்குப் பங்குண்டு என்று அமெரிக்காவின் றொசெஸ்ரர் சர்வகலாசாலையைச் சேர்ந்த மைக்கென் நெடர்கார்டும் அவருடைய துணைவர்களும் 2012 ஆம் ஆண்டில் கூறினர். மூளையைச் சூழ்ந்த தெளிந்த திரவம், குருதிக் குழாய்களை ஒட்டி உட்சென்று, மூளையைக் கழுவிக்கொண்டு வெளியேறுகின்றது என்பது அவர் கொள்கை. உறக்கத்தில் இக்கழுவுதல் மிகுகின்றது என்று 2013 ஆம் ஆண்டில் அவர்கள் எழுதினர்.

இக்கொள்கையை எல்லோரும் ஏற்றுக்கொண்டுவிடவில்லை. மதகு இல்லாதபோதும் திரவவோட்டம் குறைவதில்லை என்று வேர்க்மனும் அவரைச் சேர்ந்தோரும் 2017 ஆம் ஆண்டில் மறுத்தனர். அடுத்த ஆண்டில் ஐந்து ஆராய்ச்சிக்கூடங்கள் ஒன்றுகூடி, மதகின்றேல் ஓட்டம் குறைவதே உண்மை என்று பதிலளித்தன. 2024 ஆம் ஆண்டிலோ, உறக்கத்திற் கழிவு நீங்குவது குறைகின்றது என்று இலண்டன் ஆராய்ச்சியாளர் எழுதினர். விவாதம் நடந்துகொண்டே இருக்கின்றது. அல்சைமர் என்னும் மறதி நோயால் இறந்தோரின் மூளைகளை ஆராய்ந்த போது, குருதிக் குழாயை ஒட்டி நிற்க வேண்டிய மதகுகள் இடம்பெயர்ந்திருந்தமை 2017 ஆம் ஆண்டில் அறிவிக்கப்பட்டது. அந்த இடப்பெயர்வு நோய்க்குக் காரணமா அன்றி நோயின் விளைவா என்பதே தீர்க்கப்பட வேண்டிய வினா.

நூறாண்டு நீடித்த மயக்கம்

மதகின் கதையில் மனிதருக்கு நேரடியாகப் பயன் தந்த பகுதியை இனிக் கூறுகின்றோம். 1894 ஆம் ஆண்டில், பிரான்சு தேசத்து லியோன் நகரில் யூஜீன் டெவிக் என்னும் வைத்தியர் ஒரு வியாதியை விவரித்தார். அவ்வியாதி கண் நரம்பையும் முண்ணாணையும் தாக்கியது. நோயாளர் பார்வையை இழந்தனர், கால்களும் செயலற்றன. நியூரோமயலிற்றிஸ் ஒப்ரிக்கா என்பது அதன் வைத்தியப் பெயர். நரம்புகளின் உறை கெடும் மல்ரிபிள் ஸ்கிளிரோசிஸ் என்னும் வேறொரு வியாதியும் இதுபோன்ற அறிகுறிகளைக் காட்டும். ஆகவே டெவிக் கண்ட நோயும் அதன் ஒரு கிளையே என்று நூறாண்டுக்கு மேலாகப் பல வைத்தியர்கள் கருதி வந்தனர்.

2004 ஆம் ஆண்டில் அமெரிக்காவின் மாயோ வைத்திய நிலையத்தைச் சேர்ந்த வண்டா லெனன் முதலியோர், டெவிக் நோயாளரின் குருதியில் தனித்தன்மையுள்ள பிறபொருளெதிரி ஒன்று இருப்பதைக் கண்டனர். மல்ரிபிள் ஸ்கிளிரோசிஸ் நோயாளரிடம் அது காணப்படவில்லை. அந்த எதிரி எதனைத் தாக்குகின்றது? அடுத்த ஆண்டிலேயே விடை கிடைத்தது. அது தாக்குவது அக்குவாப்போரின் நான்கையே!

கிருமிகளை எதிர்க்க வேண்டிய நமது உடலின் காவற்படை, சொந்த வீட்டின் மதகைப் பகைவனென்று மயங்குகின்றது. எதிரி சென்று மதகில் ஒட்டியதும், குருதியிலுள்ள வேறு அழிவுப் புரதங்கள் அவ்விடத்திற் கூடி அஸ்ரோசைற் கலத்தையே அழிக்கின்றன. காப்போர் அழிந்தபின் நரம்பின் உறையும் நரம்பும் அழிகின்றன.

இரண்டு வியாதிகளும் வேறென்று அறிந்தது பெயரளவான மாற்றமன்று. மல்ரிபிள் ஸ்கிளிரோசிஸுக்கு நன்மை தரும் இன்ரபெரோன் பீற்றா முதலிய மருந்துகள் டெவிக் நோயை மோசமாக்கக் கூடும் என்பது பின்னர்த் தெரிய வந்தது. பிழையான பெயர் பிழையான மருந்துக்கு இட்டுச் சென்றது. பிழையான மருந்து பார்வையைப் பறித்தது. இன்று ஒரு குருதிச் சோதனை பெரும்பாலான நோயாளரிடம் இந்த நோயைப் பிரித்துக் காட்டுகின்றது.

மதகை அழிக்கும் படையை அடக்கும் மருந்துகளும் வந்துள்ளன. எக்குலிசுமாப் என்னும் மருந்தைப் பற்றிய ஆராய்ச்சி 2019 ஆம் ஆண்டில் வெளியாயிற்று. மருந்து பெற்ற 96 பேருள் மூவருக்கே நோய் திரும்பியது. போலி மருந்து பெற்ற 47 பேருள் 20 பேருக்குத் திரும்பியது. அம்மருந்து அவ்வாண்டிலேயே அமெரிக்காவில் இந்நோய்க்கு அனுமதிக்கப்பட்டது. அடுத்த ஆண்டில் மேலும் இரு மருந்துகள் அனுமதி பெற்றன. இவற்றின் விலை சாதாரண குடும்பங்களுக்கு எட்டாத உயரத்தில் உள்ளது. அசதயோபிரின், மைக்கோபினோலேற், றிற்றுக்சிமாப் என்னும் முந்திய மருந்துகளையும் வைத்தியர்கள் பயன்படுத்தி வருகின்றனர்.

குடும்பத்தினர் அறிய வேண்டியவை

இது அரிதான வியாதி. இலட்சம் பேருள் ஒரு சிலரையே பற்றுவது. ஆயினும் ஒவ்வொரு தாக்குதலும் மீளாத ஊனத்தை விட்டுச் செல்லக் கூடுமாதலின், இதன் அறிகுறிகளை அறிந்திருத்தல் நன்று. ஆண்களிலும் பெண்களையே இது பன்மடங்கு மிகுதியாகப் பற்றுகின்றது. நாற்பது வயதை அண்டித் தோன்றுவது பெரும்பான்மை. சில நாட்களுக்குள் ஒரு கண்ணிலோ இரு கண்ணிலோ வலியோடு பார்வை மங்குதல். கால்கள் மரத்துப் பலமிழத்தல். சிறுநீர் கழிக்க இயலாது போதல் ஆகியன முக்கிய அறிகுறிகள். வயிற்றில் யாதொரு கோளாறும் காணப்படாதிருக்க, நாட்கணக்கில் ஓயாத விக்கலும் வாந்தியும் வருதலும் உண்டு. வாந்தியைத் தூண்டும் மூளைப் பகுதியிலும் இம்மதகுகள் செறிந்திருப்பதே அதற்குக் காரணமாகும்.

இத்தகைய குறிகள் தோன்றினால் மூக்குக்கண்ணாடியை மாற்றிப் பார்ப்போம், சில வாரம் பொறுத்திருப்போம் என்று வாளாவிருத்தல் தகாது. உடனே வைத்தியசாலைக்குச் செல்ல வேண்டும். ஸ்ரீரொயிட் மருந்தைக் குருதிக் குழாயிற் செலுத்துதல், குருதித் திரவத்தை மாற்றுதல் முதலிய சிகிச்சைகள் எவ்வளவு விரைவிற் செய்யப்படுகின்றனவோ அவ்வளவுக்குப் பார்வை மீளும் வாய்ப்பு உண்டு.

மாணாக்கர்களுக்கும் ஒரு சொல். ஆக்ரி ஆராய்ந்தது குருதிப் புரதத்தை; தவளை முட்டை வெடித்ததைப் பார்த்தவர் எவரும் அது கண்பார்வையைக் காக்கும் என்று நினைத்திருக்க மாட்டார். வேண்டாத அழுக்கென்று தோன்றியதை அவர் எறிந்துவிடவில்லை; இது யாது என்று கேட்டார். அக்கேள்வி கேட்கப்பட்டுப் பல ஆண்டுகள் சென்ற பின்னர், டெவிக் கண்ட நோயாளருக்கு அவர்தம் வியாதியின் உண்மையான காரணம் தெரிந்தது.